குட்டி முள்ளுக்கு இவ்வளவு வேலையா!

ஸ்கூபா டைவர் முதுகில் சுமக்கும் டேங்கில் எவ்வளவு அழுத்தம் தெரியுமா? 200 பார்! கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய 90 மடங்கு! 12 லிட்டர் டேங்க் என்றால் உள்ளே இருக்கும் காற்று மட்டுமே 2.5 கிலோவுக்கு மேல் எடை! காற்றுக்கு எடையா? ஆமாம்!

அந்த அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜுக்குள் என்ன இருக்கிறது? முள் வைத்த கேஜில் பேட்டரியே கிடையாது! வளைந்த ஒரு சின்ன உலோகக் குழாய்தான். திருவிழாவில் ஊதினால் சுருள் பிரிந்து நீளுமே பீப்பி, அதே வித்தை! காற்று அழுத்த, குழாய் நிமிரப் பார்க்கும், முள் நகரும். பிரான்ஸின் யூஜின் பூர்தோன் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1849-ல்!

கேஜ் இல்லாத காலத்தில்? மூச்சு இழுக்கச் சிரமமானால் முதுகுப்பக்கம் கைவிட்டு ஒரு கம்பியை இழுப்பார்கள். மிச்சம் பிடித்த காற்று வரும். அந்தக் கம்பி முன்பே எதிலாவது உரசி இறங்கியிருந்தால்? ஐயோ!

கேஜுக்கு 200 பார் காற்றைக் கொண்டுவரும் ஹோஸ் அறுந்தால் டேங்க் நொடியில் காலியாகுமா? ஆகாது! ஹோஸ் வாயில் இருப்பது ஊசிமுனைத் துளை. மூச்சுக்குக் காற்று தரும், சுமார் 10 பார் மட்டுமே ஓடும் ஹோஸ் அறுந்தால்தான் காற்று மளமளவென்று தீரும்! இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டால்? ஹோஸ்கள் மாட்டும் இன்றைய ரெகுலேட்டர்களில் மரையின் அளவே வேறு. ஏறாது!

கேஜ் முகப்பில் 3000 என்று பார்த்து மிரண்டீர்களா? அது பிஎஸ்ஐ என்ற வேறு அலகு! கிட்டத்தட்ட அதே 200 பார்தான். எந்த அலகில் பழகினீர்களோ அதையே வாங்குங்கள். முள் 50 பாருக்கு இறங்கும்போது நீங்கள் மேலே இருக்கவேண்டும்.

டேங்க் வால்வைத் திறக்கும்போது கேஜின் முகத்தைத் தரைப்பக்கம் திருப்புவது ஏன்? கண்ணாடி தெறித்தால் உங்கள் முகம் தப்பும்! திறந்ததும் முள்ளைப் பார்த்தபடி நாலு மூச்சு இழுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் துள்ளுகிறதா? டேங்க் நிறைந்திருக்கலாம், வால்வு முழுக்கத் திறக்கவில்லை!

ஃபுளோரிடாவின் நீர்க்குகைகளில் நுழைபவர்கள் கேஜை இடது இடுப்பில் ஒரு கொக்கியால் மாட்டுகிறார்கள். கொக்கியைக் கேஜோடு இணைப்பது எது? வெறும் நூல்கயிறு! உலோக வளையம் கிடைக்காமலா? கொக்கி எங்காவது சிக்கினால் கத்தியால் அறுத்துவிடலாமே! மூன்றில் ஒரு பங்கு காற்று தீர்ந்தது என்று முள் காட்டிய கணம், எவ்வளவு அழகான குகையானாலும் திரும்பிவிடுவார்கள்!