சின்னப் படத்தை அனுப்புங்கள், பெரிய படத்தை வைத்திருங்கள்

2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகக் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அடுத்த சில வாரங்களில் அந்தக் கொட்டகைக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். அங்கே ஒரு அம்மா தன் மகனின் படத்தைப் பொலித்தீன் உறையொன்றில் வைத்திருந்தார். கடவுச்சீட்டு அளவுப் படம். அடையாள அட்டைக்காக எடுத்தது. வீட்டில் இருந்த அல்பங்கள் எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன. ஆவணப் பையோடு சேர்ந்து வந்ததால் இந்த ஒன்று மட்டும் தப்பியது.

கட்டுரை ஒன்றுக்காக அந்தப் படத்தை வாங்கி, ஸ்கான் செய்துவிட்டு அன்று பின்னேரமே திருப்பிக் கொடுத்தேன். இணையத்தில் ஏற்றுவதற்குக் கோப்பு பெரிதாக இருந்தது. கணினியில் திறந்து, அகலத்தை 200 பிக்சலாகக் குறைத்து, ‘சேவ்’ என்பதை அழுத்தினேன். ‘சேவ் அஸ்’ அல்ல, ‘சேவ்’. பெரிய படம் இருந்த இடத்தில் சின்னப் படம் உட்கார்ந்துகொண்டது. அதை அப்போது நான் கவனிக்கவே இல்லை.

2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தது. அந்த அம்மாவின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. உறைக்குள் இருந்த படம் ஊறி, முகம் கரைந்துவிட்டது. போராட்டத்தின் ஏழாவது ஆண்டு நிறைவுக்குச் சில நாட்கள் முன்னர் அவர் என்னைத் தேடி வந்தார்.

“தம்பி, நீங்கள் அண்டைக்குப் பிடிச்ச படம் இருக்குமெல்லோ. அதைக் கொஞ்சம் பெருப்பிச்சுத் தாங்கோ. பதாகைக்கு வேணும்.”

என்னிடம் இருந்தது 200 பிக்சல் அகலப் படம் மட்டுமே. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

படங்களைச் சிறிதாக்கி அனுப்புவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அது தேவையான வேலை. இன்றைய சாதாரணக் கைபேசி ஒன்று 4000க்கு 3000 பிக்சல் அளவில் படம் எடுக்கிறது. அதாவது ஒரு கோடியே 20 இலட்சம் புள்ளிகள். ஒரு படம் 3 முதல் 5 மெகாபைட் வரும். நினைவேந்தல் ஒன்றில் எடுத்த 40 படங்களை வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்பப் போனால் 160 மெகாபைட் அளவில் நிற்கும். ஜிமெயிலில் ஒரு மடலோடு 25 மெகாபைட்டுக்கு மேல் இணைக்க முடியாது. சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் கிராமத்தில் இருந்து அனுப்புவதென்றால் டேட்டாவும் போய் நேரமும் போய்விடும். அதே படங்களை நீளப் பக்கம் 1600 பிக்சலாகக் குறைத்தால் ஒன்று சுமார் 400 கிலோபைட்டுக்கு வரும். 40 படங்களும் ஒரே மடலில் அடங்கும். கைபேசித் திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

வித்தியாசம் தெரிவது பெருப்பிக்கப் போகும்போதுதான். ஏனென்று சொல்ல, என் தவறையே கணக்காக எடுக்கிறேன். கடவுச்சீட்டு அளவுப் படம் 35க்கு 45 மில்லிமீற்றர். அதை நான் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கான் செய்திருந்தேன். அப்படியென்றால் 827க்கு 1063 பிக்சல், கிட்டத்தட்ட எட்டு இலட்சத்து 79 ஆயிரம் புள்ளிகள். அகலத்தை 200 ஆக்கியபோது மிஞ்சியது 51 ஆயிரம் சொச்சம். பதினேழு புள்ளிகளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு பதினாறை எறிந்திருக்கிறேன். எறிந்தவை கோப்புக்குள் எங்கும் ஒளிந்திருக்காது. 200 புள்ளியை ஏ4 தாளின் அகலத்துக்கு இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மில்லிமீற்றர் சதுரமாகத் தெரியும். முகம் இருக்காது, கட்டம் கட்டமாக நிழல்தான் இருக்கும். அந்த 827 பிக்சல் கோப்பு இருந்திருந்தால் அதே தாளில் அங்குலத்துக்கு 100 புள்ளி விழுந்திருக்கும். பதாகைக்கு அது போதும்.

கடைத் தம்பி ஒருவர் உதவிக்கு வந்தார். செயற்கை நுண்ணறிவால் படத்தைத் தெளிவாக்கும் செயலி ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு நிமிடத்தில் முகம் பளிச்சென்று வந்தது. தோல் மினுங்கியது, கண் இமைகூட எண்ணலாம் போலிருந்தது. அம்மா திரையை நெடுநேரம் பார்த்தார்.

“வடிவாத்தான் கிடக்கு. ஆனா இது என்ர பிள்ளை இல்லை.”

சிறுவயதில் சைக்கிளால் விழுந்து இடப் புருவத்துக்கு மேலே மகனுக்கு ஒரு தழும்பு இருந்தது. 200 பிக்சல் படத்தில் அது மங்கலான கோடு. செயலி அதை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்த ஆயிரம் முகங்களில் இருந்து ஒரு புருவத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. இந்தச் செயலிகள் இழந்த புள்ளிகளை மீட்பதில்லை, இருக்கக்கூடும் என்று ஊகித்து வரைகின்றன. பூவுக்கும் மலைக்கும் பரவாயில்லை. தேடப்படும் ஒருவரின் முகத்துக்கு இதைப் பாவிக்கவே கூடாது என்பது என் கருத்து.

இனி, எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன்.

கணினியில் முதலில் இரண்டு கோப்புறைகளை உருவாக்குங்கள். ஒன்றுக்கு ‘ஒரிஜினல்’ என்றும் மற்றதுக்கு ‘அனுப்ப’ என்றும் பெயர் வையுங்கள். கமெராவில் இருந்தோ ஸ்கானரில் இருந்தோ வருவது எல்லாம் முதலாவதற்குள் போகட்டும். அங்கே எதையும் திருத்தாதீர்கள். சிறிதாக்கியவை இரண்டாவதற்குள் மட்டும் விழ வேண்டும். இந்த ஒரு பழக்கம் எனக்கு 2017இல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

ஒரே தடவையில் நூறு படங்களைச் சிறிதாக்க நான் பாவிப்பது இர்ஃபான்வியூ. விண்டோஸ் கணினிகளுக்கான, வீட்டுப் பாவனைக்கு இலவசமான, பழைய கணினியிலும் ஓடும் சின்ன மென்பொருள். 1996இல் இருந்து இருக்கிறது. எழுதியவர் போஸ்னியாவின் ஜாய்ட்சே ஊரைச் சேர்ந்த இர்ஃபான் ஸ்கில்ஜான். தன் பெயரையே அதற்கு வைத்துவிட்டார். யுத்தம் கண்ட ஊர்க்காரர் ஒருவர் எழுதியது என்பதால் எனக்கு அதில் ஒரு தனிப் பிரியம், அவ்வளவுதான்.

அதில் ஏதாவதொரு படத்தைத் திறந்து, விசைப்பலகையில் ‘பி’ எழுத்தை அழுத்தினால் பல படங்களை ஒன்றாக மாற்றும் பெட்டி திறக்கும். வேண்டிய படங்களைச் சேர்த்து, வடிவம் ஜேபெக் என்று தெரிவுசெய்து, தரத்தை 80 அளவில் வையுங்கள். ‘அட்வான்ஸ்ட்’ என்ற பொத்தானுக்குள் போனால் அளவு மாற்றும் பகுதி இருக்கும். அங்கே நீளப் பக்கத்தைக் குறிக்கும் ‘லோங் சைட்’ என்ற இடத்தில் 1600 என்று எழுதுங்கள். அகலம், உயரம் இரண்டையும் நீங்களாகவே கொடுத்தால் முகம் சப்பையாகிவிடும், நீளப் பக்கத்தை மட்டும் கொடுங்கள். அதே பெட்டியில், மாற்றிய பின் ஒரிஜினலை அழிக்கவா, இருப்பதன் மேல் எழுதவா என்று கேட்கும் இரண்டு தெரிவுகள் உண்டு. இரண்டும் குறியிடப்படாமல் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். வெளியே வரும் படங்கள் விழும் இடமாக ‘அனுப்ப’ கோப்புறையைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு தேநீர் ஊற்றி வருவதற்குள் முடிந்திருக்கும்.

விண்டோஸில் மைக்ரோசொஃப்ட்டின் பவர்டோய்ஸை நிறுவினால் இன்னும் சுருக்கம். படங்களைத் தெரிவுசெய்து வலப்பக்கச் சொடுக்கில் அளவைத் தெரிந்துவிடலாம். அது வழமையாகப் பிரதி ஒன்றைத்தான் உருவாக்கும். ஒரிஜினலையே மாற்றும்படி சொல்லும் ஒரு கட்டமும் அங்கே இருக்கிறது, அதைத் தொடாமல் விடுங்கள்.

கணினி இல்லாதவர்கள்தான் நம்மில் அதிகம். கைபேசியில் ஆகச் சுலபமான வழி வட்ஸ்அப்தான். படத்தை உங்களுக்கு நீங்களே அனுப்பினால் அது தானாகவே சிறிய பிரதி ஒன்றைச் செய்கிறது. ஒரிஜினல் கலரியில் அப்படியே இருக்கும். சிக்கல் வருவது அதற்குப் பிறகு. இடம் நிறைந்துவிட்டதென்று கலரியில் உள்ளதை அழித்துவிட்டு, ‘வட்ஸ்அப்பில் இருக்குத்தானே’ என்று இருந்துவிடுகிறோம். வட்ஸ்அப்பில் இருப்பது சின்னப் பிரதி. அதை இன்னொருவர் தரவிறக்கி, வெட்டி, எழுத்துச் சேர்த்து, திரும்ப அனுப்ப, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும். ஜேபெக் என்பது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண் கவனிக்காது என்று கருதும் நுணுக்கங்களைக் கைவிட்டுச் சுருக்கும் முறை. திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கைவிடல் மறுபடி நடக்கிறது.

ஒரிஜினலை அப்படியே அனுப்ப வேண்டுமென்றால் வட்ஸ்அப்பில் படமாக அல்ல, ‘ஆவணம்’ என்ற தெரிவில் இணைத்து அனுப்புங்கள். 2023இல் வந்த எச்டி தெரிவு முன்னையதைவிட நல்லது, ஆனால் அதுவும் ஒரிஜினல் அல்ல.

இங்கே ஒரு எச்சரிக்கை. கைபேசிக் கமெராவில் இட அமைவு இயங்கிக்கொண்டிருந்தால் படம் எடுத்த நேரத்தோடு இடமும் கோப்புக்குள் பதிந்திருக்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்தத் தகவல் நீங்கிவிடுகிறது. ஆவணமாக அனுப்பினால் கூடவே போகும். ஒரு தாயை அவருடைய வீட்டு முற்றத்தில் வைத்து எடுத்த படம், அந்த வீட்டின் அமைவிடத்தோடு யார் யார் கைக்குப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே ஒரிஜினல் நம்பிக்கையானவருக்கு மட்டும். பொதுவில் போடுவது சிறிய பிரதியாகவும் இடத் தகவல் நீக்கியதாகவும் இருக்கட்டும். இர்ஃபான்வியூவில் சேமிக்கும்போது ‘எக்சிஃப்’ தகவலை வைத்திருக்கவா என்று ஒரு கட்டம் வரும், அதை எடுத்துவிட்டால் சரி.

ஆனால் ஒரிஜினலில் உள்ள அதே தகவலை நீங்கள் அழித்துவிடக் கூடாது. எப்போது, எங்கே எடுத்தது என்பதற்கு அதுதான் சாட்சி. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானம், இலங்கை தொடர்பான தகவல்களையும் சாட்சியங்களையும் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்திடம் கொடுத்தது. அதில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதில் நம்மிடையே பல கருத்துகள் உண்டு. யார் கேட்டாலும் கொடுப்பதற்கு வட்ஸ்அப்பில் பத்துக் கை மாறிய படத்தைவிட, கமெராவில் இருந்து வந்த கோப்பே பெறுமதியானது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

பழைய கடதாசிப் படங்களைப் பற்றிச் சிலது. கடவுச்சீட்டு அளவென்றால் 600 போதாது, ஸ்கானரில் 1200 வையுங்கள். 1654க்கு 2126 பிக்சல் கிடைக்கும். ஸ்கானர் இல்லையென்றால் வாசலோரம் நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், கைபேசியை நேர்மேலே பிடித்து எடுங்கள். உறையில் இருந்து இலகுவாக வெளியே வருமென்றால் எடுத்துவிட்டுப் பிடியுங்கள், மினுக்கம் விழாது. வெள்ளத்தில் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்யலாம்.

சாமத்தியவீட்டுப் படத்தில் பின்வரிசையில் நிற்கும் முகம் ஒன்றுதான் சில குடும்பங்களிடம் மிஞ்சியிருக்கிறது. அப்படியானதை 600இலோ அதற்கு மேலோ முழுதாக ஸ்கான் செய்து வைத்துவிட்டு, பிரதியில் முதலில் முகத்தை வெட்டி எடுங்கள், பிறகு சிறிதாக்குங்கள். மாறிச் செய்தால் முழுப் படமும் சுருங்கி, முகம் பயறளவுக்கு வந்திருக்கும்.

ஒரிஜினல் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். ஒரு பென் டிரைவில் ஒன்று, வேறு வீட்டிலோ வேறு நாட்டிலோ உள்ள உறவினரிடம் ஒன்று. கூகுள் போட்டோஸில் ஏற்றுபவர்கள் இடத்தைச் சேமிக்கும் தெரிவை விட்டு, ‘ஒரிஜினல் குவாலிட்டி’ என்பதை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அந்த அம்மாவின் பதாகையைப் பிறகு வேறு விதமாகச் செய்தோம். 200 பிக்சலை ஐந்து சென்ரிமீற்றர் அகலத்துக்கு மேல் இழுக்கவில்லை. அந்த அளவில் முகம் முகமாகவே இருந்தது, தழும்பும் இருந்தது. அதைத் தாளின் நடுவில் வைத்து, மகனின் பெயரையும் காணாமலாக்கப்பட்ட திகதியையும் கீழே பெரிய எழுத்தில் அச்சிட்டோம். என்னால்தான் பெரிய படம் போனது என்பதையும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை இன்னும் இரண்டு அம்மாக்களோடு வந்தார். அவர்களிடமும் உறைக்குள் ஒவ்வொரு படம். நான் 1200இல் ஸ்கான் செய்து சேமிக்கும்வரை என் கதிரைக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, பெரிசும் இருக்கெல்லோ?”

கோப்புறையைத் திறந்து இரண்டையும் காட்டினேன்.