நாய்க்கு நாமே காவல்: பின்வளவுக்கு வரும் கயோட்டிகள்

ஊரில் நாய் வீட்டுக்குக் காவலாக இருந்தது. படலையடியிற் படுத்திருந்து, அந்நியர் எவரேனும் வளவுக்குள் காலடி எடுத்து வைத்தால் குரைத்து வீட்டாரை எழுப்புவது அதன் கடமை. புலம்பெயர்ந்து வந்த பின்னர் இந்த உறவு தலைகீழாகிவிட்டது. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் ஆகிய இடங்களில் எம்மவர் இல்லங்கள் பலவற்றில் இப்பொழுது வளர்பவை நான்கைந்து கிலோகிராம் எடையுள்ள சின்னஞ்சிறு நாய்கள். அவை சோபாவில் உறங்குகின்றன. இங்கு பிறந்த பிள்ளைகளுக்குக் கூடப்பிறந்தவை போலாகிவிட்டன. வீட்டிலுள்ளோர் வேலைக்குச் சென்ற பின்னர் நாள் முழுவதும் தனித்திருக்கும் முதியோருக்கு, அவற்றை விட்டால் வேறு பேச்சுத்துணை இல்லை. இத்தகைய நாய் எம்மைக் காக்கப்போவதில்லை. நாமே அதற்குக் காவலிருக்க வேண்டியவர்களாக உள்ளோம்.

எதனிடமிருந்து காவல் என்று வினவுவோர், விடியற்காலையில் ஹைலண்ட் கிறீக் ஓரமாகவோ, மின்கம்பித் தூண்கள் செல்லும் புல்வெளிகளிலோ சற்று உற்று நோக்கினால் விடை கிடைக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த மயிர், நீண்ட கால்கள், நிமிர்ந்த காதுகள், கீழே தொங்கும் அடர்ந்த வால். அதுதான் கயோட்டி.

நரியா, ஓநாயா?

எம்மவரிற் சிலர் இதனை நரி என்கின்றனர். வேறு சிலர் ஓநாய் என்று அஞ்சுகின்றனர். இரு சாராரும் உண்மைக்குச் சற்று அருகிலேயே நிற்கின்றனர் எனலாம். வன்னிக் காடுகளிலிருந்து இரவில் ஊளையிட்ட எமது நரிக்கும், நாய்க்கும், ஓநாய்க்கும் கயோட்டி நெருங்கிய இனம். முன்னர் இந்தக் கண்டத்தின் மேற்குச் சமவெளிகளிலேயே அது பெருமளவில் வாழ்ந்தது. ஐரோப்பியக் குடியேற்றவாசிகள் கிழக்கே காடுகளை வெட்டி ஓநாய்களையும் ஒழித்தபோது, வெறுமையான அந்த நிலங்களை நோக்கிக் கயோட்டி பரவியது. வழியில் ஓநாய்களுடன் கலந்து, கடந்த நூற்றாண்டின் தொடக்க காலத்தில் தென் ஒன்ராறியோவை வந்தடைந்தது. ஆதலால் இங்குள்ள கயோட்டி மேற்கிலுள்ளதைவிடப் பருமனானது. 15 முதல் 20 கிலோகிராம் வரை எடை கொண்டது. குளிர்காலத்து அடர்மயிர் அதனை இன்னும் பெரிதாகக் காட்டும்.

ரொறன்ரோவில் அதற்கு வழிகளுக்குக் குறைவில்லை. டொன் பள்ளத்தாக்கு, ரூஜ் தேசிய நகரப் பூங்கா, புகையிரதப் பாதையோரங்கள், ஏரிக்கரை மேடுகள் என்பன ஒன்றுடன் ஒன்று தொடுக்கப்பட்டவை. டொன் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் பூங்கா நோக்கி ஸ்காபரோவை ஊடறுத்து 16 கிலோமீற்றர் நீளத்துக்குச் செல்லும் மெடோவே என்னும் பசுவழி, எமது மக்கள் செறிந்து வாழும் தெருக்களின் அருகாகவே செல்கின்றது. கயோட்டி எமது பின்வளவை எட்டிப் பார்ப்பதில் வியப்பில்லை.

அச்சமும் அளவும்

முதலில் அச்சத்தை அளந்துகொள்ளல் நன்று. கனடாவில் கயோட்டி தாக்கி மனிதர் இறந்ததாகப் பதிவாகியுள்ள நிகழ்வு ஒன்றேயாகும். 2009ஆம் ஆண்டு ஒக்ரோபரில், நோவா ஸ்கோஷியாவின் கேப் பிறெற்றன் மலைப்பூங்காவில், ரொறன்ரோவைச் சேர்ந்த 19 வயதுப் பாடகி ரெய்லர் மிச்சல் உயிரிழந்தார். மனிதரைப் பொறுத்தவரை இது அரிதினும் அரிது.

சிறு பிராணிகளின் நிலை வேறு. கயோட்டியின் முதன்மை உணவு எலியும் முயலுமே. சிக்காகோ நகரப்பகுதியில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய நீண்டகால ஆய்வில் 1,400க்கு மேற்பட்ட கயோட்டிக் கழிவுகள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றில் 42 விழுக்காட்டில் எலி முதலான சிறு கொறிவிலங்குகளும், 23 விழுக்காட்டிற் பழங்களும் காணப்பட்டன. வீட்டுப் பூனை காணப்பட்டவை ஏறத்தாழ ஒரு விழுக்காடு மட்டுமே. ஆனால் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நெருக்கமான பகுதிகளில் நடத்தப்பட்ட ஆய்விலோ ஐந்தில் ஒரு கழிவிற் பூனையின் எச்சம் இருந்தது. இரு நகரங்களிலும் கயோட்டி ஒன்றே. அது உண்பதோ, அந்தந்த இடத்தில் அதன் வாய்க்கு எட்டுவதையே.

ரொறன்ரோவும் இதனைக் கண்டுவிட்டது. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2025இன் முற்பகுதியிலும் நகர மையத்தின் மேற்கே லிபேர்ட்டி வில்லேஜ், போர்ட் யோர்க் குடியிருப்புகளில் கயோட்டிகள் நாய்களை மீண்டும் மீண்டும் தாக்கின. வாரிற் பிடித்துச் செல்லப்பட்ட நாய்களும் தப்பவில்லை. அருகிலுள்ள ஒன்ராறியோ பிளேஸ் நிலத்தில் மரங்கள் அகற்றப்பட்டு வேலைகள் தொடங்கியமையும், மனிதர் உணவு வைத்தமையும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. இறுதியில் இரண்டு கயோட்டிகள் கொல்லப்பட்டன. மனிதரின் கையாலுண்டு அச்சம் தெளிந்த விலங்கின் முடிவு பெரும்பாலும் இதுவே.

பிடித்துச் செல்ல மாட்டார்களா?

“மாநகரசபையினர் பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் விட்டால் என்ன?” என்பது எம்மவர் பலரின் வினா. ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான விதிகளின்படி, பிடிக்கப்பட்ட வனவிலங்கைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே விடுதல் வேண்டும். நோய் பரவாமற் தடுப்பது இதன் நோக்கங்களில் ஒன்று. கொன்றுவிட்டாலும் தீர்வு கிட்டுவதில்லை. ஒரு சோடி அகன்றால், அந்நிலப்பரப்பைத் தேடி வேறொன்று வந்து சேரும். கடந்த நூறாண்டுகளுக்கு மேலாக இலட்சக்கணக்கிற் சுட்டும் பொறிவைத்தும் கொல்லப்பட்ட பின்னரும் கயோட்டி குறையவில்லை. கண்டம் முழுவதும் பரவியே உள்ளது. ஆகவே காவல் எமது வேலிக்குள்ளிருந்துதான் தொடங்க வேண்டும்.

காகத்துக்கு வைக்கும் சோறு

இவ்விடத்தில் எமது வழக்கமொன்றைப் பற்றிப் பேசாது விட முடியாது. சனி விரத நாட்களிலும் அமாவாசையிலும் காகத்துக்குச் சோறு வைத்த பின்னரே உண்பது எமது பெரியோர் வழக்கு. மிஞ்சிய சோற்றையும் பாணையும் குப்பையிற் கொட்ட மனமின்றி, அணிலாவது உண்ணட்டும் எனப் பின்வளவில் இடுவோரும் உளர். எண்ணம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் காகத்துக்கு வைத்த சோறு காகத்துடன் நின்றுவிடுவதில்லை. பகலில் அணில் வருகின்றது. இருட்டியதும் எலியும் றக்கூனும் வருகின்றன. எலியைத் தேடிக் கயோட்டி வருகின்றது. அவ்வேளையிற் கதவைத் திறந்து நாயை வெளியே விட்டால், அதுவும் அந்த வரிசையில் ஓர் இரையாகின்றது.

சட்டமும் இதற்கு இடம் தருவதில்லை. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து, ரொறன்ரோவிற் பொது இடங்களில் மட்டுமன்றிச் சொந்த வளவிலும் வனவிலங்குகளுக்கு உணவிடுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. சிறு பறவைகளுக்கு, நிலத்துக்கு மேலே தொங்கும் துப்புரவான தீனிக்கூடு வைக்கவே விலக்கு உண்டு. அதிலிருந்து சிந்தும் தானியத்தையும் கூட்டி அள்ள வேண்டும். விரதத்தின் பயன் சோறு கிடக்கும் இடத்தில் இல்லை என்பதை வீட்டுப் பெரியவர்களுக்குப் பக்குவமாக எடுத்துரைப்பது இளையோரின் பொறுப்பாகும்.

அவ்வாறே, பேரி, அப்பிள் மரங்களின் கீழ் விழுந்த பழங்களைப் பொறுக்குதல், நாயினதும் பூனையினதும் உணவுத் தட்டுகளை வெளியே விடாதிருத்தல், இறைச்சி வாட்டிய அடுப்பின் கொழுப்பைத் துடைத்தல், பச்சைத் தொட்டியின் மூடியைப் பூட்டி, சேகரிக்கும் நாட் காலையிலேயே தெருவோரம் வைத்தல் ஆகியவையும் வேண்டும். படிக்கட்டின் கீழும் களஞ்சியக் கொட்டிலின் கீழும் உள்ள இடைவெளிகளையும், உள்ளே விலங்கு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அடைத்துவிடுதல் நன்று.

வேலியை மட்டும் நம்பலாமா?

ஆறடி வேலியையும் கயோட்டி தாவிப் பற்றி ஏறவல்லது. அடியில் மண்ணைத் தோண்டியும் நுழையும். வேலியின் உயரத்துக்கு மாநகர விதிகளில் எல்லை உண்டாதலால், மேல் விளிம்பிற் சுழலும் உருளையைப் பொருத்துவதும், அடியிற் கம்பி வலையை மண்ணுக்குள் புதைத்து வெளிப்புறமாக மடித்து விடுவதும் பயன் தரும். நாயின் கழுத்துப்பட்டியில் மின்னதிர்வு கொடுக்கும் கட்புலனாகா வேலியோ நாயைத்தான் உள்ளே மறிக்கும், கயோட்டியை மறிக்காது. நாயைக் கட்டிவைத்து விட்டு உள்ளே செல்வது இன்னும் ஆபத்தானது. கட்டுண்ட நாயால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது.

ஆகவே சிறு நாய் பின்வளவில் நிற்கும் வேளையில் ஒருவர் உடன் நிற்றலே சிறந்த வேலியாகும். குளிரில் மேலங்கி அணியச் சோம்பி, கதவை மட்டும் திறந்துவிடும் அந்த இரண்டு நிமிடங்களிலேயே விபரீதம் நிகழ்ந்துவிடலாம். விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் மின்விளக்கை ஏற்றி, வளவைச் சுற்றிப் பார்த்து, ஒலியெழுப்பிய பின்னரே நாயை வெளியே விடல் வேண்டும். பூனை வீட்டினுள்ளே இருப்பதே அதற்கு நீண்ட ஆயுள். முயல் வளர்ப்போர் மெல்லிய கோழிக்கம்பியை நம்பலாகாது. இரவில் முயற்கூட்டை வீட்டினுள்ளோ கராஜினுள்ளோ வைப்பதே பாதுகாப்பு.

நேருக்கு நேர் கண்டால்

நடைக்குச் செல்லும்போது நாயின் வார் இரண்டு மீற்றருக்கு மேற்படலாகாது என்பது ரொறன்ரோ விதி. இழுக்க இழுக்க நீளும் வாரைக் குறுக்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். கயோட்டியைக் கண்டால் ஓடக்கூடாது. ஓடுவதை அது துரத்தும். அதன் வேகத்துக்கு எந்த மனிதரும் ஈடுகொடுக்க இயலாது. சிறு நாயை உடனே தூக்கிக்கொள்ளுங்கள். கயோட்டியை நேரே நோக்கியபடி நிமிர்ந்து நின்று, கைகளை உயர்த்தி, உரத்த குரலில் அதட்டுங்கள். குடையைச் சடாரென விரித்தல், ஊதுகுழல் ஊதுதல், நாணயம் இட்ட தகரப்பேணியைக் குலுக்குதல் ஆகியன அதனை மிரட்டும். பின்னர் முதுகு காட்டாது மெல்லப் பின்வாங்குங்கள். நடைக்குச் செல்லும் முதியோர் கையில் ஒரு குடையோ ஊதுகுழலோ வைத்திருப்பது நன்று.

பருவத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். தை தொடக்கம் பங்குனி வரை அவை சோடி சேரும் காலம். சித்திரை, வைகாசியிற் குட்டிகள் பிறக்கின்றன. அக்காலத்தில் வளையின் அருகே செல்லும் நாயைப் பெற்றோர் பகையாகவே கருதும். சில வேளைகளில் நாயுடன் செல்பவரைச் சற்றுத் தூரம் பின்தொடர்வது, வளையை விட்டு அகற்றி அனுப்புவதற்காகவே. நாயை ஏமாற்றி அழைத்துச் சென்று கூட்டமாகக் கொல்லும் என்ற பேச்சு பரவலாக உண்டு. உண்மையில் நாய் துரத்திச் செல்லும்போது கயோட்டி தன் துணையிருக்கும் இடத்துக்கு ஓடுகின்றது. அங்கு நிலைமை மாறிவிடுகின்றது. வாரிற் பிடித்த நாய்க்கு இந்த ஆபத்துக் குறைவு. பகலிற் காணப்படும் கயோட்டி அதனால் மட்டும் விசர் பிடித்ததென்றும் கொள்ளலாகாது. தள்ளாடுவது, மயிர் உதிர்ந்து மெலிந்திருப்பது, மனிதரையோ நாயையோ அஞ்சாது நெருங்குவது ஆகியவற்றைக் கண்டால் 311 என்ற இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். ஆளைத் தாக்கும் அவசர நிலையில் 911 இருக்கின்றது.

நாயோ பூனையோ கடிபட்டால், மேலே ஒரு சிறு துளையே தெரிந்தாலும் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். பற்கள் தோலின் கீழே ஆழமாகக் கிழித்திருக்கக் கூடும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கும் பூனைக்கும் விசர்நோய்த் தடுப்பூசி ஒன்ராறியோவிற் கட்டாயம். வெளியே செல்லாத பூனைக்கு எதற்கு ஊசி என்று செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

இவற்றில் எதுவும் எமக்குப் புதிதல்ல. அந்தி சாயும் முன் கோழிகளை எண்ணிப் பார்த்துக் கூட்டில் அடைத்து, கதவுக்கு முட்டுக் கொடுத்த பின்னரே விளக்கேற்றிய தலைமுறை நாம். நரி வந்து போகும் ஊரில் வாழ்வது எப்படி என்பதை அப்பொழுதே அறிந்திருந்தோம். நரியை ஒருவரும் ஒழிக்கவில்லை, கோழியைக் காத்தனர். அந்தப் பழக்கத்தையே இந்த மண்ணின் பின்வளவிலும் கைக்கொள்ளுவோமாயின், எமது பிள்ளைகள் அன்பு வைத்த உயிர்களும் பிழைக்கும். கயோட்டியும் தன் வழியே போகும்.