பல்நிலைப் பாய்வு மாதிரியாக்கம்

பல்நிலைப் பாய்வு என்பது வளிமம், நீர்மம், திண்மம் ஆகியவற்றுள் இரண்டோ மூன்றுமோ ஒன்றாகக் கலந்து ஓடுவதாகும். அவ்வோட்டத்தைச் சமன்பாடுகளாக எழுதி, கணினியின் துணையுடன் தீர்வு காண்பது பல்நிலைப் பாய்வு மாதிரியாக்கம் எனப்படும்.

எடுத்துக்காட்டுகள்

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ள ஊர் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவரோடு தொடர்புடைய அடைக்கல மாதா ஆலயம் இங்குள்ளது. இவ்வூரின் சுற்றுவட்டாரத்திலேயே இப்பாய்வின் இரு வகைகளைக் காணலாம். தெற்கே, வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் மணலையும் வண்டலையும் சுமந்து ஓடுகிறது. இது நீர்மமும் திண்மமும் கலந்த பாய்வு. வடக்கே, அரியலூர் வட்டாரச் சிமெண்ட் ஆலைகளில் சுண்ணாம்புக்கல் கலந்த மாவு, சூளைக்குச் செல்லும் முன் சூடான வளிமத்தில் மிதந்து சூடேறுகிறது. இது வளிமமும் திண்மமும் கலந்த பாய்வு. கதவணைகளின் கீழே நுரைத்து விழும் வெள்ளத்தில் காற்றுக்குமிழி, நீர், மணல் மூன்றும் கலந்திருக்கும்.

துகளின் அளவு

நீரில் மிக நுண்ணிய துகள் படியும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது ஸ்டோக்ஸ் விதியிலிருந்து பெறப்படுகிறது. அசையாத நீரில் 0.1 மி.மீ. விட்டமுள்ள மணல் துகள் 1 மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ 2 நிமிடம் ஆகும். 0.01 மி.மீ. வண்டல் துகளுக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகிறது. அதனால்தான் ஆற்றில் மணல் படுகையை ஒட்டி நகர, வண்டல் நெடுந்தொலைவு மிதந்து செல்கிறது.

இரு அணுகுமுறைகள்

முதலாவது, ஒவ்வொரு துகளையும் தனித்தனியே பின்தொடர்வது. இது ஆய்லர்–லெக்ராஞ்சு முறை. துகள்கள் குறைவாக உள்ள இடங்களுக்கு இது பொருந்தும். ஆனால் 1 மி.மீ. விட்டமுள்ள மணலில் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 70 கோடி துகள்கள் இருக்கும். ஓர் ஆற்றின் மணலை இவ்வாறு எண்ணிக் கணக்கிட முடியாது.

இரண்டாவது, மணல் கூட்டத்தையும் நீரைப் போல ஒரு தொடர்ச்சியான பாய்மமாகக் கருதுவது. இது ஆய்லர்–ஆய்லர் முறை. ஒவ்வோர் இடத்திலும் வளிமம், நீர்மம், திண்மம் ஆகியவற்றின் பருமப் பங்குகளின் கூட்டுத்தொகை 1 ஆக இருக்க வேண்டும். இம்முறையில் கணக்கு சுருங்கும். ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதையும், நீர் அவற்றை இழுப்பதையும் தனிச் சமன்பாடுகளால் தோராயமாகவே சேர்க்க முடியும்.

ஏன் தேவை?

பாலத் தூணில் மோதும் நீர் கீழ்நோக்கித் திரும்பிச் சுழலாகிறது. அச்சுழல் தூணின் அடியிலுள்ள மணலை அரித்துக் குழி பறிக்கும். குழி அடித்தளத்திற்குக் கீழே சென்றால் தூண் நிலைக்காது. வெள்ளம் வடியும்போது அக்குழியில் மணல் மீண்டும் படிந்துவிடுவதால், கோடையில் பார்ப்பவருக்கு வெள்ளத்தின்போது எவ்வளவு ஆழம் அரித்தது என்பது தெரியாது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், திருச்சிராப்பள்ளியில் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டிருந்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதே மாதம் 22ஆம் நாள், ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆற்று நீரின் அளவை மட்டும் அறிந்தால் போதாது, அதனுடன் நகரும் மணலையும் கணக்கிட வேண்டும் என்பதற்கு இத்தகைய நிகழ்வுகள் காரணமாகின்றன.

வரம்புகள்

ஆற்றைச் சிறிதாக்கி ஆய்வுக்கூடத்தில் மாதிரி அமைத்தும் சோதிக்கலாம். ஆனால் ஆற்றை 50இல் ஒரு பங்காக்கினால், 1 மி.மீ. மணலுக்கு ஈடாக 0.02 மி.மீ. துகளைப் போட வேண்டும். அது மணல் அன்று, வண்டல். மணலைப் போல் உருளாமல் நீரில் மிதந்து போய்விடும். எனவே ஆய்வுக்கூட மாதிரி, கணினி மாதிரி, ஆற்றில் நேரடியாக எடுத்த அளவீடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட பிறகே முடிவு செய்வது முறையாகும். படுகையின் ஆழமும் மணலின் பருமனும் தவறாக அளக்கப்பட்டிருந்தால், எவ்வளவு திறன்மிக்க கணினியும் தவறான விடையையே தரும்.