மூளையின் மதில்

மும்பை நகரின் தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள சந்துகள் குறுகியவை. வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியவை. காற்றும் வெயிலும் நன்கு புகாத இத்தகைய இடங்களில் காசநோய் எளிதில் பரவும். இந்நோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா என்பதை 1882ஆம் ஆண்டில் இராபர்ட் காக் உலகிற்கு அறிவித்தார். நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் இக்கிருமி, பிறரது நுரையீரலை அடைகிறது. சில வேளைகளில் அங்கிருந்து குருதி வழியே மூளை வரை சென்றுவிடுகிறது. சிறு குழந்தைகளுக்கு இந்த ஆபத்து மிகுதி. எனினும், மூளைக்குள் நுழைவது எளிதன்று; அதனைக் காக்க ஒரு மதில் உண்டு.

மதில் அறியப்பட்ட வரலாறு

1885ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் விலங்குகளின் குருதியில் சாயத்தைச் செலுத்தினார். பிற உறுப்புகள் நிறம் மாறின, மூளை மாறவில்லை. 1913ஆம் ஆண்டில் எட்வின் கோல்ட்மன் என்பவர் மூளையைச் சூழ்ந்துள்ள திரவத்தில் சாயத்தைச் செலுத்தினார். இம்முறை மூளை நிறம் மாறியது. பிற உறுப்புகள் மாறவில்லை. குருதிக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு உள்ளது என்பது இச்சோதனைகளால் புலப்பட்டது. அதுவே ‘குருதி–மூளைத் தடுப்பு’ எனப்படுகிறது.

மதிலின் அமைப்பு

மூளையில் ஓடும் நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவரே இம்மதில். உடலின் பல பகுதிகளில் இத்தகைய குழாய்ச் செல்களுக்கு இடையே சிறு இடைவெளிகள் இருக்கும். மூளையிலோ அவை இறுகப் பிணைந்துள்ளன. ஆக்சிஜன் இம்மதிலை எளிதில் கடக்கிறது. குளுக்கோஸ் தனக்கென அமைந்த வாயில்கள் வழியே நுழைகிறது. கிருமிகளும் நச்சுப் பொருள்களும் பெரும்பாலும் தடுக்கப்படுகின்றன.

மதில் தளரும்போது

கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளையணுக்களின் உள்ளேயே காசநோய்க் கிருமி உயிருடன் ஒளிந்திருக்க வல்லது. அவ்வணுக்களோடு சேர்ந்து அது மதிலைக் கடக்கக்கூடும் என அறிஞர்கள் கருதுகின்றனர். கிருமி பெருகியதும் மூளை உறைகளில் அழற்சி தோன்றுகிறது. அப்போது கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் வேதிப்பொருள்களே செல்களின் பிணைப்பையும் தளர்த்திவிடுகின்றன. நீரும் புரதமும் உள்ளே கசிகின்றன. மூளை வீங்குகிறது, மண்டையோடு விரிந்து இடம் தராததால் அழுத்தம் கூடுகிறது. தலைவலி, வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு ஆகியவை தோன்றுகின்றன.

மருந்துக்கும் அதே மதில்

கிருமியைத் தடுக்கும் மதில் மருந்தையும் தடுக்கிறது. ஐசோனியாசிட், பைரசினமைடு ஆகிய மருந்துகள் அதனை நன்கு கடக்கின்றன. ஸ்ட்ரெப்டோமைசின், மதில் தளர்ந்துள்ளபோது மட்டும் ஓரளவு நுழைகிறது. அழற்சி தணியத் தணிய மதில் மீண்டும் இறுகும். அத்தகைய மருந்தின் வரவும் குறையும். அந்நிலையிலும் கிருமிகள் சில உள்ளே எஞ்சியிருக்கலாம். எனவே, நுரையீரல் காசநோய்க்குப் பொதுவாக 6 மாதங்கள் அளிக்கப்படும் சிகிச்சை, மூளைக் காசநோய்க்கு 9 முதல் 12 மாதங்கள் வரை நீள்கிறது. குழந்தை எழுந்து விளையாடத் தொடங்கிவிட்டது என்று மருந்தை இடையில் நிறுத்துவது பெருந்தீங்காகும்.

காக்கும் வழிகள்

பிறந்த குழந்தைக்குப் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி, மூளைக் காசநோயிலிருந்து குழந்தைகளைப் பெரிதும் காக்கிறது. இத்தடுப்பூசியைத் தயாரிக்கும் ஆய்வகம் சென்னைக் கிண்டியில் 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. காய்ச்சலும் தலைவலியும் நாள்கணக்கில் நீடித்தாலோ, கழுத்து விறைத்தாலோ, குழந்தை காரணமின்றிச் சோர்ந்து கிடந்தாலோ காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். தாராவியை அடுத்த சயானில் மாநகராட்சியின் பெரிய மருத்துவமனை உள்ளது. நினைவு மங்கும் முன்னரே சிகிச்சை தொடங்கினால் முழு நலம் பெறும் வாய்ப்பு மிகுதி. மதில் தளர்ந்தபின் வருந்துவதினும் அது தளராமல் காப்பதே அறிவுடைமை.

சொற்பொருள்

குருதி – இரத்தம்
அழற்சி – கிருமி முதலியவற்றால் உடலின் ஒரு பகுதி வீங்கிச் சிவத்தல்
புலப்படுதல் – தெளிவாகத் தெரிதல்

வினாக்கள்

1. எர்லிக், கோல்ட்மன் ஆகியோரின் சோதனைகள் எவ்வாறு வேறுபட்டன?
2. மூளையைக் காக்கும் மதில் மருத்துவத்திற்குத் தடையாவது எவ்வாறு?
3. நோயாளி நலமடைந்ததாகத் தோன்றினாலும் மருந்தைத் தொடர்வது ஏன்? வீட்டில் உள்ளோருக்குத் தமிழில் விளக்குக.