தைத்த மரக்கலங்களைப் பேணிய கலை

அரபு மாலுமிகளின் விண்மீன் அறிவையும் பருவக்காற்று அறிவையும் போற்றி எழுதப்பட்டவை பல. அவ்வறிவைச் சுமந்து சென்ற மரக்கலங்கள் ஆண்டுதோறும் எவ்வாறு பேணப்பட்டன என்பது குறைவாகவே பேசப்பட்டுள்ளது.

இந்துமாக்கடலின் மேற்குப் பகுதியில் ஓடிய கலங்கள் பல இரும்பாணியின்றி அமைந்தவை. பலகைகளின் விளிம்பில் துளையிட்டுத் தென்னைநார்க் கயிற்றால் அவற்றைத் தைத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹுர்முஸில் இவற்றைக் கண்ட மார்க்கோ போலோ, இவை ஆபத்தானவை என்றே கருதினார். 1183இல் செங்கடல் துறையான அய்தாபில் இவற்றைப் பார்த்த இப்னு ஜுபைர், தைத்த கலத்துக்கு நெய், ஆமணக்கெண்ணெய், சுறா எண்ணெய் ஆகியவற்றுள் ஒன்றைப் பூசுவர் என்றும், சுறா எண்ணெயே சிறந்தது என்றும் குறித்துள்ளார். பாறைகள் மிகுந்த அக்கடலில் மரம் வளைந்துகொடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். பாறையில் மோதினால் ஆணியடித்த கலம் உடையும், தைத்த கலம் நெகிழ்ந்துகொடுக்கும் எனப் பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா விளக்கினார்.

இக்கருத்துகளுள் எது மெய்யாகும் என்பதைப் பராமரிப்பே முடிவுசெய்தது. எண்ணெய் வற்றினால் நார் உலர்ந்து இற்றுவிடும். தையல் தளர்ந்தால் பலகைப் பொருத்துகளில் நீர் புகும். நீர்மட்டத்துக்குக் கீழே கப்பற்புழு மரத்தைத் துளைக்கும். ஆதலின், காற்று ஒவ்வாத பருவத்தில் கலத்தைக் கரையேற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டி, சுண்ணாம்பும் விலங்குக் கொழுப்பும் குழைத்துப் பூசினர். இற்ற தையலை அவிழ்த்துப் புதுக்கயிற்றால் தைத்தனர். நாரும் மரமும் கிடைத்த கரையிலெல்லாம் இப்பணி இயன்றது.

இதன் பயனை அண்மைக்காலப் பயணமொன்றும் காட்டியது. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கலத்தைப் பின்பற்றி, 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' என்னும் தைத்த கப்பல் ஓமானில் கட்டப்பட்டது. 2010 பிப்ரவரியில் புறப்பட்ட அது, ஜூலையில் சிங்கப்பூரை அடைந்தது. இடைவழியில், இலங்கையின் காலித் துறையில் அதன் பாய்மரங்களை மாற்ற வேண்டியிருந்தது. அவ்வாறு நின்று செப்பனிட்டதனாலேயே எஞ்சிய கடலையும் அது கடந்தது.

பதினைந்தாம் நூற்றாண்டின் பெரும் மாலுமி இப்னு மாஜித், கலம் தரையில் இருக்கும்போதே அதன் குறைகளை ஆராய்ந்தறியுமாறு மாலுமிகளுக்கு அறிவுறுத்தினார். நடுக்கடலில் கண்டறியப்படும் குறைக்கு உயிர்களே விலையாகும். கடலோடிகளின் வரலாற்றை எழுதுவோர், விண்மீன் கணித்தவர்களுக்கு அருகே தையல் பார்த்தவர்களுக்கும் இடமளிப்பதே முறை.