ரப்பர்க் கொட்டையில் தொடங்கும் கூட்டல்



பால் நிறுக்கும் இடத்திலும் சம்பள நாளிலும், கணக்குத் தெரியாமல் நம் முன்னோர் பலர் தலையாட்டி நின்ற காலம் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வேண்டாம்.

கூட்டலுக்குப் படிகள் மூன்று: முதலில் பொருள், அடுத்துப் படம், கடைசியில் எண். அமெரிக்க உளவியல் அறிஞர் ஜெரோம் புரூனர் 1966இல் எழுதிய நூலும் இந்த வரிசையையே விளக்குகிறது.

பேராக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் இன்று செம்பனையாகிவிட்டன. ரப்பர்க் கொட்டை கிடைக்காவிட்டால் புளியங்கொட்டை போதும். பிள்ளையோடு சேர்ந்து பாடுங்கள்:

மூன்று கொட்டை இந்தக் கையிலே,
இரண்டு கொட்டை அந்தக் கையிலே,
சேர்த்துக் கொட்டு பாயிலே,
எத்தனை? சொல்லு வாயிலே!

பிள்ளை 'ஐந்து' என்றதும், அந்தக் கொட்டைகளைத் தாளில் வட்டமாக வரையட்டும். அதன் பிறகே 3 + 2 = 5 என்று எழுதலாம்.

தொடக்கத்தில் பிள்ளை ஒன்றிலிருந்து எண்ணும். பழகியபின் மூன்றை மனத்தில் வைத்து, 'நான்கு, ஐந்து' என்று தொடரும். அதுவே வளர்ச்சி. விரல் விட்டு எண்ணினால் அடிக்காதீர்கள். விரலும் ஒரு கொட்டைதான்.

அடுத்து, பத்துக் கொட்டைகளை 7, 3 என்றும் 6, 4 என்றும் பிரித்து விளையாடுங்கள். பத்து கைவந்தால், 8 + 5 என்பதை 8 + 2 + 3 என்று பிள்ளையே பிரித்து, 13 என்று சொல்லிவிடும்.

பள்ளியில் நாங்கள் தொடங்குகிறோம். வீட்டில் தினமும் பத்து நிமிடம் நீங்கள் தொடருங்கள்.