நாலரை அங்குல உயரத்தில் பத்து டன்

பிலாய் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஊதுலைதான். 1955-ல் சோவியத் நாட்டோடு ஒப்பந்தம் ஆயிற்று. 1959 பிப்ரவரி 4 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் முதல் ஊதுலையைத் தொடங்கிவைத்தார். அந்த ஆலையை நம்பி வந்து, செக்டர் வீடுகளில் குடியேறி, கோயில் கட்டி, சங்கம் வைத்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். ஆனால் ஆலைக்குள்ளிருந்து வெளியே வந்த இரும்பை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை.

"அதுதான் ரயில் இருக்கிறதே!" என்பீர்கள். அடியேனும் ரயில்வேக்காரன்தான். டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை தண்டவாளத்தோடுதான் வாழ்க்கை. நாடெங்கும் ஓடும் ரயில்களுக்குத் தண்டவாளம் கொடுத்ததே இந்தப் பிலாய்தான் என்ற பெருமையும் உண்டு. இருந்தாலும் ரயில் பாதை போகாத பட்டறைக்கும், ஒரு வேகன் நிறைய வாங்க வசதியில்லாத வியாபாரிக்கும் இரும்பு போய்ச் சேர்ந்தது லாரியில்தான். அந்த லாரிகளில் கணிசமானவை சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்து வண்டிகள். அவற்றை ஓட்டியவர்கள் நம்மவர்கள்.

ஓய்வுபெற்ற பின் ஊர்ப்பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பழைய டிரைவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுவதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொண்டேன். எழுபது, எண்பது வயதைத் தொட்டவர்கள். அவர்கள் சொன்னதையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

ரயிலிலிருந்து லாரிக்கு

1950-களில் மத்திய அரசு ஒரு ஏற்பாடு செய்தது. ஆலையில் அடக்க விலையோடு சராசரி ரயில் கட்டணத்தையும் சேர்த்து, நாடு முழுவதும் இரும்புக்கு ஒரே விலை. ஆலைக்குப் பக்கத்தில் இருந்தாலும், ஆயிரம் மைல் தள்ளி இருந்தாலும் ஒரே ரேட்டுதான். கோயம்புத்தூரில் பம்ப் செய்பவரும் சென்னையில் உதிரிப்பாகம் செய்பவரும் இதனால் பயன் பெற்றார்கள். சுரங்கத்தைத் தன் மடியில் வைத்திருந்த பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசத்துக்கு மனக்குறைதான். 1990-களின் தொடக்கத்தில் இந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அதன்பின் வாங்குகிறவரே வண்டிச் சத்தத்தைக் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று.

இதற்கு முன்பே இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. பழைய நாளில் ஒரே ஒரு வேகன் இரும்பைக்கூட ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு அனுப்பலாம். அது ஒவ்வொரு யார்டிலும் கழற்றப்பட்டு, வேறு வண்டியில் கோக்கப்பட்டு, ஆடி அசைந்து போய்ச் சேரும். 1980-களில் ரயில்வே முழு ரேக்காகச் சரக்கு ஏற்றுவதற்கு முதலிடம் கொடுத்தது. அது ரயில்வேக்கு நல்லதுதான். வேகம் கூடியது, யார்டு வேலை குறைந்தது. ஆனால் பத்து டன் ஆங்கிள் வேண்டும் என்ற வியாபாரி ரேக்குக்கு எங்கே போவார்? அவர் லாரி ஷெட்டுக்குப் போனார்.

ஏறும்போது தேங்காய், இறங்கும்போது இரும்பு

நம் ஊர் லாரி வெறும் வண்டியாக வடக்கே வராது. சேலத்து ஜவ்வரிசி, சிவகாசித் தீப்பெட்டி, பொள்ளாச்சித் தேங்காய், ஈரோட்டு மஞ்சள் என்று ஏதாவது ஒன்று இருக்கும். நாகபுரியிலோ ராய்ப்பூரிலோ அதை இறக்கிவிட்டு, ரிட்டர்ன் லோடுக்காகப் பிலாய் வந்து, ஜி.இ. ரோடு ஓரமாக நின்று காத்துக் கிடப்பார்கள். சில சமயம் ஒரு நாள், சில சமயம் ஒரு வாரம். வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறாக்கி, தார்ப்பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள்.

தீப்பெட்டி லோடு பார்ப்பதற்கு மலை மாதிரி இருக்கும், எடை இருக்காது. இரும்பு அதற்கு நேர்மாறு. ஒரு கன மீட்டர் எஃகின் எடை 7.85 டன். அந்தக் கால லாரியின் பாடி சுமார் 17 அடி நீளம், 7 அடி அகலம். அதில் பத்து டன் பிளேட்டைச் சீராகப் பரப்பினால் உயரம் எவ்வளவு வரும் தெரியுமா? வெறும் நாலரை அங்குலம்! தள்ளி நின்று பார்ப்பவருக்கு வண்டி காலியாகத்தான் தெரியும். "காலி வண்டிதானேன்னு குறுக்கே பூந்துருவாங்க சார். பிரேக்கை மிதிச்சா வண்டி எங்கே போயி நிக்கும்னு எங்களுக்குத்தானுங்க தெரியும்" என்றார் சங்ககிரிப் பெரியவர் ஒருவர்.

பிலாயில் ஏற்றுவது பிளேட், ஆங்கிள், சேனல், பீம், ஒயர் ராடு. ரூர்கேலாவிலும் பொக்காரோவிலும் தகட்டுச் சுருள். டிரைவர்களுக்கு மிகவும் பயம் கொடுத்தது இந்தச் சுருள்தான். ஒரு சுருளே பல டன். உருண்டை வடிவம். பிரேக் போட்டால் லாரி நின்றுவிடும். சுருளுக்கு நிற்கத் தெரியாது. அது முன்னோக்கித்தான் வரும், முன்னால் இருப்பது டிரைவர் முதுகு. முன்பக்கக் கட்டு சரக்கின் எடையில் 80 சதவீத விசையைத் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய நாடுகளின் விதி. நம் ஆட்களிடம் விதிப் புத்தகம் ஏது? இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து, முட்டுக்கட்டை கொடுத்து, சங்கிலி போட்டு முறுக்குவார்கள். அந்த வித்தையைப் பல பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பஞ்சாபி டிரைவர்கள் என்று நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள்.

"ஓடற ஓட்டத்துல சங்கிலிச் சத்தம் ஒரே மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கோணும். சத்தம் மாறுச்சுன்னா, தூக்கத்துல இருக்கிற கிளீனர்கூட எந்திரிச்சுருவான்" என்றார் இன்னொருவர். அவரோடு ஒரே ஷெட்டில் இருந்த நண்பர் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டும், வண்டியை ஓரங்கட்ட இடமில்லாத பாலத்தின் மேல் இருந்தாராம். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆங்கிளும் கம்பியும் வேறு விதம். பாடியைவிட நீளமாக இருப்பதால் வால் மாதிரிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பகலில் சிவப்புத் துணி, இரவில் சிவப்பு விளக்கு. துணி காற்றில் பறந்துவிடும், விளக்கு அணைந்துவிடும். பின்னால் வந்த எத்தனையோ உயிர்கள் இருட்டில் அந்தக் கம்பிகளில் போயிருக்கின்றன. இப்படி நீட்டிக்கொண்டு போவதையே மத்திய அரசு 2014-ல் தடை செய்தது.

பிலாய் முதல் தொப்பூர் வரை

துர்க், ராஜ்நந்த்காவ் தாண்டி நாகபுரி. அங்கிருந்து பழைய 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை (இன்று அதன் எண் 44): ஹிங்கன்காட், ஆதிலாபாத், நிர்மல், ஹைதராபாத், கர்நூல், அனந்தபூர், பெங்களூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம். ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். பாதி தூரம் ஒற்றைத் தார்ச்சாலை. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் மண்ணில் இறங்க வேண்டும். பத்து டன் இரும்போடு மழைக்காலத்தில் மண்ணில் இறங்கிய வண்டி மறுபடி ஏறுவது அவ்வளவு லேசில்லை.

கோடையில் நாகபுரி வெயில் 45 டிகிரி. எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருக்கும். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது. இதைச் சொன்னதும் ஒரு பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்பவே போட்டிருந்தா நான் ரிட்டயரே ஆயிருக்க மாட்டனுங்க!"

அடுத்தது செக்போஸ்ட். அன்றைய மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு என்று ஐந்து மாநிலம். பர்மிட், விற்பனை வரித் தாள், நகராட்சி ஆக்ட்ராய், எடைமேடை. 1975-ல் நேஷனல் பர்மிட் முறை வரும்வரை ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகப் பர்மிட்டுக்கு அலைய வேண்டும். அதற்குப் பிறகும் மாமூல் நின்றபாடில்லை. மொழி தெரியாத ஊரில், இரவு இரண்டு மணிக்கு, இரும்பின் எடைக்கும் தாளில் உள்ள எடைக்கும் உள்ள வித்தியாசத்தை யாரிடம் போய் நியாயப்படுத்துவது? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகுதான் விற்பனை வரிச் செக்போஸ்டுகள் எடுக்கப்பட்டன.

அந்த எடை வித்தியாசம் டிரைவர் செய்ததல்ல. வாடகை டன் கணக்கில். ஆகையால் பத்து டன் வண்டியில் பதினைந்து டன் ஏறும். அச்சின் மேல் சுமை 20 சதவீதம் கூடினாலே சாலைக்குச் சேதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது பொறியாளர்கள் அறிந்த கணக்கு. வண்டிக்கும் அதே கதிதான்: பட்டை ஒடியும், டயர் வெடிக்கும், இறக்கத்தில் பிரேக் காய்ந்துபோகும். மிகை பாரத்துக்கு அபராதம் வாங்கிக்கொண்டு மாநிலங்கள் வண்டியை விட்டுவிடும் வழக்கத்தை 2005-ல் உச்ச நீதிமன்றம்தான் கண்டித்து நிறுத்தியது.

தருமபுரி தாண்டிச் சேலத்தை நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாயை எல்லோருமே சொன்னார்கள். ஐந்தாறு நாள் ஓட்டத்தின் கடைசி இரவு. வீடு இன்னும் இரண்டு மணி நேரம். கண் சொருகும் நேரம், மனம் முந்தும் நேரம், பிரேக் சூடேறும் நேரம் எல்லாம் அந்த ஒரே இறக்கத்தில் வந்து சேரும். "பிலாயிலிருந்து வந்தது பெரிசில்லீங்க. தொப்பூர் எறங்கிட்டாத்தான் பொழைச்சோம்னு அர்த்தம்."

பன்னிரண்டு நாள் கழித்துப் பிறந்த மகள்

எஸ்.டி.டி. பூத்துகள் வராத காலத்தில் வீட்டுச் சேதி என்பது ஷெட்டுக்கு வரும் கார்டுதான். மகள் பிறந்த சேதி பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது என்றார் ஒருவர். இன்னொருவர் தன் தாயாரின் காரியத்துக்கும் போய்ச் சேரவில்லை. பொக்காரோவில் லோடுக்காகக் காத்திருந்தாராம்.

ஆனால் நம் சேதியை அவர்கள் சுமந்தார்கள். பிலாயில் பழைய குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த ஊறுகாய் ஜாடி, அம்மிக் குழவி, பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சாமான், தீபாவளிக்கு முறுக்கு டின், முருங்கைக்காய்க் கட்டு என்று எல்லாம் லாரி டிரைவர் கைவழியாகத்தான் வரும். கொடுத்த விலாசத்தைக் காட்டி விசாரித்து, ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு டம்ளர் காபியோடு போய்விடுவார்கள். "உள்ளே வந்து உக்காருங்கண்ணா" என்று சொன்ன வீடுகளை அவர்கள் மறக்கவில்லை.

1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையால் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, இரும்போடு வந்த வண்டி ஒன்று அனந்தபூருக்கு வெளியே நின்றது. தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டோடு மேலே போனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு தெலுங்குக்காரர் தம் ஓட்டலுக்குப் பின்னால் வண்டியை மறைத்து நிறுத்தச் சொல்லி, நான்கு நாள் சோறு போட்டாராம். காசு வாங்க மறுத்துவிட்டார். பிறகு கதிரி, மதனப்பள்ளி, சித்தூர் வழியாகச் சுற்றி வேலூர் வந்து சேர்ந்தார்கள். "சரக்குக்கும் சேதமில்லை, எங்களுக்கும் சேதமில்லை" என்று சொல்லும்போது அந்த டிரைவருக்குக் குரல் தழுதழுத்தது.

மிச்சம் என்ன?

2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேர வேலை, வாரம் 48 மணி என்றது. ஆனால் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களைக் குறிவைத்து எழுதப்பட்ட சட்டம் அது. ஒரு வண்டி, இரண்டு வண்டி முதலாளியிடம் வேலை பார்த்தவருக்கு அது எட்டாக் கனி. அந்த முதலாளியும் பல நேரங்களில் முன்னாள் கிளீனர்தான். கடன் தவணை கட்டுவதற்கே அவருக்கு நேரம் போதாது. ஆக, பி.எஃப். இல்லை, பென்ஷன் இல்லை, சர்வீஸ் புத்தகமும் இல்லை. அமைப்புசாராத் தொழிலாளருக்காக 2021-ல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவும் 59 வயதோடு நின்றுவிடுகிறது. எழுபது வயதுக்காரர் எங்கே போய்ப் பதிவது?

ரயில்வேயில் வேலை பார்த்த எனக்கு மாதம் முதல் தேதி ஓய்வூதியம் வந்துவிடுகிறது. அதே இரும்பை, அதே ஊர்களுக்கு, என் இலாகாவைவிடச் சிரமப்பட்டுக் கொண்டுபோனவர் முதுகு வலியோடு பேரன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேர் சுமந்ததும் ஒரே ஆலையின் இரும்புதான்.

வாசக அன்பர்களே, பெரிய பெரிய திட்டங்களை நம் சங்கம் செய்ய முடியாது. ஆனால் இரண்டு காரியம் முடியும். உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ இப்படி ஒரு பழைய டிரைவர் இருந்தால், அவர் சொல்வதை எழுதி இதழுக்கு அனுப்புங்கள். அவர் ஓட்டிய வண்டியின் படம் இருந்தால் அதையும் அனுப்புங்கள். அடுத்தது, அவருக்கு மாநில அரசின் முதியோர் உதவித்தொகைக்குத் தகுதி இருக்கிறதா என்று விசாரித்து, விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த கைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. விவரம் கேட்டு எழுதுபவர்களுக்கு என்னால் ஆன உதவியைச் செய்யத் தயாராக இருக்கிறேன்.